மூன்று வெட்டு

ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலைகிறது. சிட்னியின் ஜூலைக் குளிரில் வலுவற்ற வெயில், பள்ளிவாசல் வாசலிலுள்ள சப்பாத்துத் தட்டில் சாய்ந்து விழுகிறது. கறுப்புச் சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு சோடி நீல றப்பர் செருப்பு; குதிகால் பக்கம் பிளேடால் வெட்டிய மூன்று வெட்டுகள். தன் சப்பாத்தை எடுக்கக் குனிந்த ஜலால்தீன் குனிந்தபடியே நிற்கிறார். மன்னாரில் அவருடைய ஊர்ப் பள்ளிவாசல் படியில் கிடப்பதெல்லாம் நீலச் செருப்புத்தான். மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்கென்று ஓர் அடையாளம் வெட்டுவார்கள். மூன்று வெட்டு என்றால் அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. தொண்ணூறில், முஸ்லிம்கள் என்று ஊரையே விரட்டிவிட்ட அன்று அந்த வீட்டார் எந்தப் பக்கம் போனார்களோ, இன்றுவரை தெரியாது. வெளியே கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. தட்டு காலியாகிறது. கடைசியாக வருகிற நரைத்த தாடிக்காரர் நீலச் செருப்புக்குள் காலை நுழைக்கிறார். "மன்னாரோ நீங்க?" ஜலால்தீன் தன் சப்பாத்தோடு நிமிர்ந்து கேட்கிறார். "மூண்டு வெட்டுப் போட்டிருக்கு, அதான் கேட்டன்." தாடிக்காரர் செருப்பைப் பார்க்கிறார், பிறகு, நெடுநேரம், ஜலால்தீனின் முகத்தை. "ஓம். நீங்க எத்தின வெட்டு?" வெட்டில்லாத தோல் சப்பாத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார் ஜலால்தீன். "ஒத்த வெட்டு," என்கிறார்.