ஓடையில் இன்னொருவன்

மழைக்காட்டு ஓடையில் ஒரு தவளை தன் பாறையில் அமர்ந்து துணையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மழை ஓய்வதற்குள் ஒருத்தி வராவிட்டால் இந்த வருடமும் தனிமைதான்.

அந்தக் காட்டை ஆராயும் செங்கமலம் முந்தின நாள் இந்தத் தவளையின் குரலைப் பதிவு செய்திருந்தாள். எத்தனை தவளைகள் பதில் சொல்கின்றன என்று பார்க்க, ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியைப் புதருக்குள் வைத்து அந்தப் பதிவையே ஒலிக்கவிட்டாள்.

குளிர்ந்த ரத்தமாக இருந்தும் தவளைக்குக் கொதித்தது.

"எவன்டா அது, என் ஓடையில?"

பெட்டியும் விடாமல் கத்தியது. பாறை இடுக்கிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல?"

"இதையா? தொண்டையில சேறு அடைச்ச மாதிரி இருக்கு! இதைக் கேட்டு எவளாவது வருவாளா?"

பாறைக்கு அடியில் அப்போதுதான் ஒரு பெண்தவளை வந்து சேர்ந்திருந்தது. அது இரண்டு குரல்களையும் மாறி மாறிக் கேட்டது.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எனக்குப் பிடிச்சுப்போய்த்தான் இவ்வளவு தூரம் வந்தேன்," என்றது. "ஆனா நீங்களே இப்படிச் சொல்றப்போ, சரியாத்தான் இருக்கும்."

அது அடுத்த பாறைக்குத் தாவியது. நண்டு சத்தம் காட்டாமல் இடுக்குக்குள் போய்விட்டது.