முட்டிக்கு ஒரு பரிசு

"எங்க மேனேஜரோட முட்டியைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும். நல்ல பெடலா எடுங்க" என்றார் உதவி மேனேஜர், சைக்கிள் கடையின் கண்ணாடி மேசையில் சாய்ந்தபடி.

கடைக்காரர் உருகிப்போனார். மேலதிகாரியின் முட்டிக்காக இப்படிக் கவலைப்படுகிறவர் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார்!

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் சைக்கிள் பந்தயம். முதலாளிக்குச் சைக்கிள் என்றால் பைத்தியம். முதலில் வந்து சேருகிறவருக்குத்தான் மண்டல மேலாளர் நாற்காலி என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷ உழைப்பெல்லாம் கணக்கில் வராதாம், கெண்டைக்கால்தான் வருமாம். அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டே பேர்: மேனேஜர், உதவி மேனேஜர்.

கடைக்காரர் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பெடல் டப்பாக்களை எடுத்து வைத்தார். "ஷூவுக்கு அடியில இந்தத் தகட்டை மாட்டிடுவோம் சார். மிதிச்சா டக்குனு பெடல்ல பூட்டிக்கும். பூட்டின அப்புறமும் பாதம் கொஞ்சம் இப்படி அப்படி ஆடணும். அதுதான் முக்கியம்."

"எது எவ்வளவு ஆடும்?"

"பச்சை நல்லா ஆடும், முட்டிக்கு சொகம். நீலம் ஓரளவு. சிவப்பு அசையவே அசையாது. பழகாதவங்க மாட்டினா பத்து கிலோமீட்டர்ல முட்டி கெஞ்சும். அவசரத்துக்குக் கழட்டவும் வராது, நின்ன இடத்துலயே மரம் மாதிரி சாய வேண்டியதுதான். சிவப்புல ரெண்டு செட்டு மூணு வருஷமா தூசி படிஞ்சு கிடந்துச்சு. நேத்துதான் ஒண்ணு போச்சு."

உதவி மேனேஜர் பச்சையை ஆட்டிப் பார்த்துப் பாராட்டினார். நீலத்தையும் தடவிக் கொடுத்தார். பிறகு சிவப்பை எடுத்து நீட்டினார்.

"இதையே பேக் பண்ணுங்க. மேல பரிசுக் காகிதம் சுத்திடுங்க."

"சார், அவரு முட்டி..."

"அவருக்கு மனஉறுதி ஜாஸ்தி. தாங்குவாரு."

"மாட்டாம விட்டுட்டா?"

"விட முடியாது. எங்க ஆபீஸ்ல யாரு பரிசு கொடுத்தாலும் கொடுத்தவங்க கண்ணெதிர்ல போட்டுக் காட்டியே ஆகணும். இல்லன்னா மரியாதைக் குறைவுன்னு முதலாளி வரைக்கும் போயிடும்."

கடைக்காரருக்கு எங்கேயோ இடித்தது. இருந்தாலும் வியாபாரம் வியாபாரம்தான். காகிதத்தைச் சுற்ற ஆரம்பித்தார். உதவி மேனேஜரோ மனத்துக்குள் மண்டல மேலாளர் அறைக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்து அட்டையில என்ன எழுதணும் சார்?"

"'என் மதிப்புக்குரிய மேனேஜருக்கு, உங்கள் அன்பு உதவி மேனேஜர்'னு எழுதுங்க. கம்பெனி பேரு இதுல இருக்கு" என்று தன் விசிட்டிங் கார்டை நீட்டினார்.

அதைப் படித்த கடைக்காரரின் பேனா அப்படியே நின்றது. மேசைக்கு மேலாக எட்டி, உதவி மேனேஜரின் கால்களை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார்.

"நேத்து போனதை உங்களுக்குன்னு சொல்லித்தான் சார் உங்க மேனேஜர் வாங்கிட்டுப் போனாரு."