வராத காப்பு

சாக்சன் அரசன் டன்வால்ட் போரில் ஜெயித்திருந்தான். அவன் தன் கையாலேயே தோழர்களுக்குப் பூட்டிவிட்ட வெள்ளிக் காப்புகளைப் பிணங்களிலிருந்து கழற்றிவந்து அவன்முன் குவித்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து ரத்தம் துடைத்தான். எது யாருடையது என்று விரல்களுக்கே தெரிந்தது.

“ஹெரவினோடது மட்டும் வரல, அரசே,” என்றான் தளபதி. “உங்கள விட்டுட்டு ஓடிட்டான். பிடிச்சுத் தூக்குல போட ஆள் அனுப்பட்டுமா?”

“செத்தவனை எங்க போய்ப் பிடிப்ப? காப்பு சேத்துல புதைஞ்சிருக்கும்.”

வெற்றி விருந்தில் தோழர்கள் உட்காரும் நீண்ட பலகைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அரசனோடு உட்கார்ந்து குடிக்க உலகத்தில் இனி ஹெரவின் ஒருவன்தான் மிச்சம். வாசலில் குளம்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அவனாக இருந்துவிடக் கூடாதென்று அரசன் வேண்டிக்கொண்டான்.