சனிக்கிழமை வகுப்பு

"இண்டைக்கும் வகுப்போ?" என்று மனைவி அக்னெஸ் கேட்டாள்.

"ஓம். வேகமாக் கார் ஓடிப் பொலிஸிட்ட ரிக்கெற் வாங்கினால் போகத்தானே வேணும்? இருந்து படிச்சால்தான் லைசென்ஸில ஏறின குற்றப்புள்ளியை எடுப்பினம்," என்றான் அருமைராசா. எல்லைக்கு அப்பால் கலிபோர்னியாவில் இருக்கும் அவன் தம்பி அப்படித்தான் தப்பியிருந்தான்.

அருமைராசாவுக்குப் பகலில் தொழிற்சாலை, இரவில் டவுன்டவுன் உணவகத்தில் கோப்பை கழுவல். சனிக்கிழமை விடிந்தால் சாமான் வாங்கல், பிறந்தநாள் வீடு, கோயில் கூட்டம். வகுப்பு தொடங்கியபின் எல்லாவற்றுக்கும் அக்னெஸ் தனியே பஸ்ஸில் போய்வந்தாள்.

"வடிவாக் கவனியுங்கோ," என்று சாப்பாட்டுப் பையை நீட்டினாள். பை வழக்கத்தைவிடப் பருத்திருந்தது.

பக்கத்து நகரான லவாலில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம் காரை நிறுத்தி, சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினான் அருமைராசா. ஒரு மாதமாக இதுதான் அவனுடைய வகுப்பு.

பசியில் விழித்துப் பையைத் திறந்தான். சோற்றுப் பெட்டிக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது.

பதறிப்போய் வீட்டுக்குப் போன் எடுத்தான்.

"அக்னெஸ், இது என்ன?"

"கழுத்து நோகுதெண்டு ஒவ்வொரு சனியும் முனகிறியள், அதுதான் வச்சனான்," என்றாள் தணிந்த குரலில். "அந்த வகுப்பெல்லாம் அமெரிக்காவிலயாம். இஞ்ச புள்ளி ரெண்டு வருசத்துக்கு அப்பிடியே கிடக்குமாம். கார் பழக்கிற மாஸ்டரிட்ட அப்பவே கேட்டிட்டன்."

"அப்ப ஏன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

"வீட்டில படுத்தால் உங்களை ஆர் நித்திரை கொள்ள விடுறது? சரி, வைக்கிறன். ஆக்கள் வந்திருக்கினம். நீங்கள் வகுப்பில எண்டு சொல்லிப்போட்டன்."