இறக்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி வாசல்களில் நிற்கும் பழைய போர் விமானங்களில் பொய் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதற்குக் காரணம் அவன்.

இதை அவனே சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

மற்றவை எல்லாம் வேஷம். ஒன்றின் வாலில் தாளாளரின் இனிஷியல். இன்னொன்றின் மூக்கில் காலேஜ் பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள்.

அவன் ஏரோநாட்டிக்கல் கடைசி வருஷ மாணவன். விமானம் அவனுடைய புராஜெக்ட். எழுபத்தொன்று டிசம்பர் போரில் அவசர அவசரமாகப் பிரஷ்ஷால் அடித்த பச்சையும் பழுப்பும் அதற்கு மறுபடி வந்திருந்தன. பிரஷ் கோடு தெரிய வேண்டும் என்று ஸ்ப்ரே கன் பக்கம் யாரையும் விடவில்லை.

அந்த விமானம் தன் காலத்தில் இரண்டு வேலை பார்த்தது. இறக்கையில் ராக்கெட் மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மூக்கில் கேமராவோடு எதிரியின் இடங்களைப் படம் பிடிக்கவும் போனது.

தாளாளர் சண்டையைக் கேட்டார். அவன் கேமராவைத் தேர்ந்தெடுத்தான். அந்த டிசம்பரில் அது இருந்தது அப்படித்தான்.

தாளாளர் மனம் தளரவில்லை. ராக்கெட் செய்து அனுப்பிவைத்தார்.

போர்வெல் பைப். முனையில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனல். புனலுக்குச் சிவப்புப் பெயின்ட்.

கொண்டுவந்து இறக்கிய பி.ஆர்.ஓ.விடம் அவன் மரியாதையாகவே கேட்டான்.

"மோட்டார் எங்க சார்? எதிரி நாட்டுக்குக் குடிதண்ணி விடப் போறமா?"

பிறகு கூட வேலை செய்த பையன்கள் பக்கம் திரும்பினான்.

"இதை மாட்டுறவன் இன்ஜினியர் இல்லடா. பந்தல்காரன்."

பைப்புகள் ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சாய்ந்தன.

இன்று திறப்பு விழா.

அந்த டிசம்பரில் ஒரு காலை, படம் பிடிக்க இரண்டு விமானங்கள் ஒன்றாகப் போயின. திரும்பி வந்தது இது.

திரும்பாததை ஓட்டியவர் ஆரோன். அவர் மனைவி ரோஸலின்தான் சிறப்பு விருந்தினர்.

விழாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, தடித்த கண்ணாடி. பந்தலில் இன்னும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். விமானத்தடியில் அவனும் அவரும் மட்டும்.

அவர் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் அது சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"அவரு சும்மா விழுந்திருக்க மாட்டாரு தம்பி. நல்லாத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் விழுந்திருப்பாரு. அதை நெனச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்."

அவன் காதில் விழுந்தது. ஆனால் விழாவுக்காக மனப்பாடம் பண்ணிய பேச்சு ஏற்கெனவே நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இதுல ஒரு தோட்டாகூட கிடையாது மேடம். எடை குறையணும்னு துப்பாக்கியையே கழட்டிட்டாங்க. சாரோட விமானமும் டிட்டோ இதேதான். கேமரா மட்டும். அதுதான் கெத்தே."

கெத்து என்ற இடத்தில்தான் அவர் முகத்தைப் பார்த்தான்.

பார்த்திருக்கக் கூடாது.

அவர் குனிந்து இறக்கைக்கு அடியில் தேடினார். கொக்கிகள் இருந்தன. கொக்கிகளில் ஒன்றும் இல்லை.

சுற்றி நடந்து அந்தப் பக்க இறக்கைக்கும் போனார். அங்கேயும் குனிந்தார்.

மூக்குக்கு வந்தார். துப்பாக்கி இருந்த துளையைத் தகடு வைத்து அடைத்திருந்தது. அந்தக் காலத்தில் அடைத்தது மாதிரியே, அதே வகை ரிவெட் ஆணி தேடிப் பிடித்து, ஒரு வாரம் உட்கார்ந்து அவன் அடைத்தது.

ஒவ்வொரு ரிவெட்டாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"கையில ஒண்ணும் குடுக்காமயா அனுப்புனாங்க?"

அவனிடம் பதில் இருந்தது. வேகம்தான் அதன் ஆயுதம். பேச்சின் அடுத்த வரியே அதுதான். ஒத்திகையில் கைதட்டல் வாங்கிய வரி.

அந்த வரியை விழுங்கினான்.



"கேமரா," என்றார் அவர். அவனிடம் இல்லை. அந்தத் தகட்டிடம்.

பந்தலில் யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

அவன் ஷெட்டுக்குப் பின்னால் போனான்.

வரும்போது தோளில் பைப் இருந்தது. சட்டையில் ஒட்டடை. பாக்கெட்டில் கட்டுக்கம்பியும் குறடும்.

இறக்கைக்கு அடியில் மண்டியிட்டான். புனல் பக்கத்தைக் கொக்கியில் கொடுத்துக் கம்பியைச் சுற்றினான். பைப்பின் வால் பக்கம் சரிந்தது. தூக்கினான். மறுபடி சரிந்தது.

மூன்றாவது முறை சரியவில்லை.

தலைக்கு மேலே கஞ்சி போட்ட புடவையின் ஓரம் தெரிந்தது. அந்த முனையை ஒரு கை தாங்கியிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பைப்பின் வெளிப்பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. அதற்குக் கீழே பைப் கம்பெனியின் பெயர். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நிதானமாக, கடைசி எழுத்து வரைக்கும்.

பிறகு பைப்பை மெல்லத் திருப்பினார். எழுத்து உள்பக்கம் போனது.

"இப்ப முறுக்கு."

முறுக்கினான்.

"எத்தனை இருக்கு?"

"நாலும்மா."

அவர் அடுத்த கொக்கிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.