ஆமை அடிக்கும் மணி

கழிமுகத்து நண்டுகள் தங்கள் குஞ்சுகளுக்கு மணலில் பள்ளி நடத்தின. கடல் ஏறத் தொடங்கினால் பாடம் பாதியில் நிற்கும். அலை இழுத்துப் போவதற்குள் குஞ்சுகள் வளைக்குள் ஓடிவிடும்.

ஒருநாள் தலைநகரத்து ஆமை வந்தது. "குஞ்சுகளுக்குத் தினமும் கருவாடு தருகிறோம். மணியை மட்டும் நாங்கள் அடிப்போம். எல்லா ஊருக்கும் ஒரே நேரம்."

"மணிதானே, அடிச்சுட்டுப் போங்க," என்றது வாத்தியார் நண்டு.

பௌர்ணமியன்று பாடம் முடியுமுன்னே தண்ணீர் ஏறியது.

"மணி அடிங்கய்யா, பிள்ளைங்க போகணும்!"

"இன்னும் நேரமாகலையே," என்றது ஆமை, சுகமாக மிதந்தபடி.

"ஓடுங்கடா!" என்று வாத்தியார் கத்தியது.

குஞ்சுகள் அசையவில்லை. மணி அடிக்காமல் எழுந்தால் கருவாடு கிடையாது என்று அதட்டி அதட்டிப் பழக்கியிருந்தது அந்த வாத்தியார்தான்.