டெம்போ எஞ்சின்

உறுவையாறு ஊரின் வண்டிப் பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுந்திருக்கிறது. சிராஜுதீனின் பழைய பியட் கார் எஞ்சின் இல்லாமல் வாய் பிளந்து நிற்கிறது. அதன் இடப்பக்க இருக்கை உறையில், மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட மனைவி ஹப்சா எப்போதோ குத்திவைத்த ஊக்கு துருவேறியிருக்கிறது. பக்கத்தில் கட்டைமேல் ஒரு பழைய டெம்போவின் டீசல் எஞ்சின் ஓடுகிறது. அதிர்வில் தரையில் கிடக்கும் நட்டுகள் நகர்கின்றன. மெக்கானிக் குமரவேல் கத்துகிறார்: "வேணாம் பாய், பெட்ரோல் எஞ்சினே போட்டுக்கலாம். இத போட்டா பக்கத்துல இருக்கறவங்க பேசறதே காதுல உழாது." சிராஜுதீன் ஊக்கைத் திறந்து, அதே துளையில் மறுபடி குத்துகிறார். "இதையே போடுபா. அவ பேசிக்கினுதான் வரா, எனக்குத்தான் கேக்கலன்னு இருந்துடுவன்." அந்தச் சத்தத்தில் குமரவேலுக்கு அது கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்து, "இன்னா பாய்?" என்கிறார்.